புதுப்பிப்பு: மகளின் கடி கிளாஸ் 1-ஆ, கிளாஸ் 2-ஆ?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 12 வயது மகளின் கடியை, அதாவது மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்தைப் பார்த்து, ஒரு மருத்துவர் கிளாஸ் 1 (கடைவாய்ப்பற்கள் இயல்பாகப் பொருந்துவது) என்றார், இன்னொருவர் கிளாஸ் 2 (மேல் கடைவாய்ப்பல் முன்தள்ளி இருப்பது) என்றார், எது சரி என்று கேட்டிருந்தேன்.

"பற்களின் பிளாஸ்டர் அச்சில் இரு பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள், கோரைப்பல்லையும் கவனியுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. வலப்பக்கம், மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்முகடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் அச்சாக உட்கார்ந்தது: கிளாஸ் 1. இடப்பக்கம் அதே முகடு பள்ளத்தைத் தாண்டி முன்னால் நின்றது: கிளாஸ் 2. எட்வர்ட் ஆங்கிள் என்ற பல்சீரமைப்பு மருத்துவர் 1899-இல் வகுத்த முறையில் ஒரு பக்கம் மட்டும் இப்படி இருந்தால் சப்டிவிஷன் என்று பெயராம். இரு மருத்துவர்களும் ஆளுக்கொரு பக்கத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

எதிர்பாராதது என்னவென்றால், கோரைப்பற்கள் இரு பக்கமும் சரியாகவே பொருந்தின. தாடையில் கோளாறு இல்லை. சொத்தையால் ஆறு வயதில் இடது மேல் பால் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியிருந்தோம். அந்தக் காலி இடத்துக்கு, அதன் பின்னால் இருந்த முதல் கடைவாய்ப்பல் திரும்பி நகர்ந்துவிட்டது. எக்ஸ்ரேயில், அந்தப் பால்பல்லுக்குப் பதிலாக வரவேண்டிய முன்கடைவாய்ப்பல் முளைக்க இடமில்லாமல் உள்ளேயே நிற்பது தெரிந்தது. பார்த்ததும் மனசு கனத்துப்போனது. பல் எடுத்த இடம் மூடிவிடாமல் காக்கும் இடம்பிடிப்பான் வைத்திருக்கலாம், அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது கடைவாய்ப்பல்லைப் பின்னுக்குத் தள்ளி இடம் உண்டாக்கப் போகிறார்கள். அடுத்த வாரம் தொடக்கம்.