கங்கை ஆரம்பிக்கிறது கோமுகத்துலயா, தேவப்பிரயாகைலயா?

மலைநேசன்:
நேத்து இங்க ஒருத்தர் "கங்கை கங்கோத்ரி பனிப்பாறைல உற்பத்தியாகி 2525 கிலோமீட்டர் ஓடுது"ன்னு போட்டிருக்காரு, அதுக்கு நாப்பது லைக் வேற. தப்புங்க. அங்க ஓடுறது பாகீரதி. தேவப்பிரயாகைல அலக்நந்தாவோட சேர்ந்த பிறகுதான் கங்கைங்கிற பேரே வருது.

வடகரையான்:
போட்டது நான்தான், பேரச் சொல்லியே கேக்கலாம். கங்கோத்ரி கோயில்ல இருந்து கோமுகம் வரைக்கும் 18 கிலோமீட்டர் நடந்து போனவன் நான், பனிப்பாறைக்கு அடியில இருந்து சாம்பல் கலர்ல தண்ணி பீறிட்டு வருது, ஐஸ் கட்டி கட்டியா உருண்டு வருது, விரல விட்டா மரத்துப்போகுது. அது கங்கை இல்லியா? அப்புறம் கோயிலுக்கு எதுக்கு கங்கோத்ரின்னு பேரு வச்சான்?

மலைநேசன்:
நீங்க நடந்து போனா ஆத்துக்குப் பேரு மாறிடுமா சார்? அது பாகீரதி. தேவப்பிரயாகை படித்துறைல நின்னு பாருங்க, ஒரு ஆறு பச்சையா, ஒரு ஆறு கலங்கலா, கோடு போட்ட மாதிரி கொஞ்ச தூரம் ஒட்டாமலே போகும். சேர்ந்தப்புறம்தான் கங்கை. தண்ணிய வச்சுப் பாத்தாலும் அலக்நந்தாதான் பெருசு, நந்தாகினி, பிண்டர், மந்தாகினின்னு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு வருது.

செண்பகா:
தண்ணிதான் கணக்குன்னா பிரயாக்ராஜ்ல யமுனைதான் அதிகம் கொண்டு வருது. அப்போ காசில ஓடுறது யமுனையா?

மலைநேசன்:
நான் பேசுறது பேரப் பத்தி. தண்ணிய இழுக்காதீங்க.

செண்பகா:
இழுத்ததே நீங்கதான், மேல போய்ப் படிங்க. பேருதான் முக்கியம்னா பங்களாதேஷ்ல பத்மாங்கிறாங்க, அங்க கங்கை செத்துப்போச்சா? போன மாசம் "திபெத்துல சாங்போன்னு சொன்னாலும் அது பிரம்மபுத்திராதான்"னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மல்லுக்கட்டினது யாரு?

மலைநேசன்:
அந்த த்ரெட்ட இங்க கொண்டு வராதீங்க, அதுல உங்க பாஷை எப்படி இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். பெரியாழ்வார் "கண்டமென்னும் கடிநகர்"னு பாடினது எந்த ஊர? தேவப்பிரயாகைய. கங்கைக்கரைன்னுதான் பாடியிருக்காரு. ஆழ்வாருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே.

வடகரையான்:
அதுக்கு மேல ஓடுறது கங்கை இல்லன்னு ஆழ்வார் எங்க பாடினாரு? 2525ங்கிற கணக்கே பாகீரதியையும் சேர்த்து அளந்ததுதான். அதுக்குப் பதில் சொல்லுங்க மொதல்ல.

ஆத்தோரம்:
எங்க ஆரம்பிச்சா என்னங்க, 2008லயே தேசிய நதின்னு அறிவிச்சாச்சு, கான்பூர்ல தோல் ஆலைக் கழிவு கலக்குறதப் பேச ஒருத்தருக்கும் வாய் வரல.

மலைநேசன்:
அதுக்குத் தனி த்ரெட் போடுங்க தம்பி. இங்க கேள்வி ஒண்ணுதான். கோமுகத்துல வர்றது பாகீரதி.

வடகரையான்:
தம்பிய எதுக்கு விரட்டுறீங்க, அவரு சொன்னதுல என்ன தப்பு? கேள்வி கேட்டா அளந்த கணக்குக்குப் பதில் இல்ல, விரட்ட மட்டும் தெரியுது.

மலைநேசன்:
பதில் மூணு தடவ சொல்லியாச்சு. பாகீரதி. நாளைக்கு மேப்போட வர்றேன்.

செண்பகா:
வாங்க, சாங்போ மேப்பையும் சேத்தே எடுத்துட்டு வாங்க.