அடினோசின் ஏற்றியும் படத்தில் மண்ணீரல் கறுக்கவில்லை: என்ன செய்யலாம்?

வணக்கம். காரைக்குடியில் 1.5 டெஸ்லா எம்ஆர்ஐயில் இதயத் தசை ரத்த ஓட்டம் பார்க்கும் குழுவிலிருந்து கேட்கிறோம்.

இதய ரத்தக் குழாய்களை விரிக்கும் அடினோசின், உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம், 4 நிமிடம். ரத்தம் பாயும் இடத்தைப் படத்தில் பளிச்சென்று காட்டும் கடோலினியம் கிலோவுக்கு 0.075 மில்லிமோல், நொடிக்கு 4 மி.லி. வேகத்தில், பின்னாலேயே 30 மி.லி. சலைன். இரண்டும் வெவ்வேறு கையில்தான். ஒரே ஊசியில் விட்டால் குழாயில் நிற்கும் அடினோசினை கடோலினியம் மொத்தமாகத் தள்ளிவிடும், துடிப்பு தடைபடலாம்.

சிலருக்கு நாடித்துடிப்பு 10கூட ஏறுவதில்லை. அடினோசின் வேலை செய்தால் படத்தில் கறுக்க வேண்டிய மண்ணீரலும் பளிச்சென்றே நிற்கிறது. சந்தேகம், அடினோசினைத் தடுக்கும் கஃபீன் மேல்தான். 24 மணி நேரம் காபி கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், தேவகோட்டையிலிருந்து வரும் ஆச்சி "காபி வாயிலயே வைக்கலப்பா, டீ மட்டுந்தான்" என்பார்! இப்படிப்பட்டவர்களுக்கு அடினோசினை 210 மைக்ரோகிராம் வரை ஏற்றுகிறீர்களா, வேறு நாள் வரச் சொல்கிறீர்களா?

இன்னொன்று, படத்தில் இதயத் தசையின் உள்விளிம்பில் ரத்தக் குறைவு போல வரும் கருங்கோடு. கடோலினியம் இதயத்தின் இடது கீழறைக்குள் நுழையும்போதே தோன்றி, சில துடிப்பில் மறைந்தால் அது போலி என்று விட்டுவிடலாம். செப்டம் (இரு கீழறைகளுக்கும் நடுச்சுவர்) பக்கம் 6, 7 துடிப்பு நீடித்தால்தான் குழப்பம். பிக்சலை 2.8லிருந்து 2 மி.மீ.க்குக் குறைத்தால் கோடு மெலிகிறது, ஆனால் படம் பொரிபொரியாகிறது. நீங்கள் எவ்வளவு வைக்கிறீர்கள்?