எண்ணெய் எடுக்கும் மண்ணில் தண்ணீர்: ஓமன் நடுப் பாலைவனத்தில் வேலை பார்த்தவர்களின் அனுபவங்கள்

மின் பராமரிப்பு, ஃபஹூத், பிறகு ஹைமா பக்கம்

வளைகுடா என்றதும் பேச்சு துபாய்க்கும் தோஹாவுக்கும் போய்விடுகிறது. எண்ணெய்ப் பணம் எழுப்பிய கோபுரங்களைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. அந்த எண்ணெய் மேலே வருகிற மண்ணில், கடலை விட்டுப் பல மணி நேரம் உள்ளே தள்ளி, வேலை பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். நான் முதலில் சொல்கிறேன்.

ஓமனில் எண்ணெய் தாமதமாகத்தான் கிடைத்தது. யிபாலில் 1962, நாத்திஹில் 1963, ஃபஹூத்தில் 1964. குழாய் போட்டு மஸ்கட் அருகே மினா அல் ஃபஹல் வரை கொண்டுவந்து, 1967 ஜூலையில் முதல் கப்பலில் ஏற்றினார்கள். அன்று நாடு முழுவதும் தார்ச்சாலை சுமார் பத்து கிலோமீட்டர், பள்ளிக்கூடம் மூன்று. 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்த பிறகுதான் பணம் சாலையாகவும் ஆஸ்பத்திரியாகவும் மாற ஆரம்பித்தது. இதெல்லாம் படித்தால் கிடைக்கும். எனக்கு உறைத்தது வேறு விஷயம்.

ஹைமா பக்கம் மாற்றலாகிப் போனபோது, சரளைக்கல் சமவெளியைத் தவிர கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஜித்தத் அல் ஹராசீஸ் என்று பெயர். ஹராசீஸ் என்ற பதூயீன் (பாலைவன நாடோடி) மக்களின் நிலம் அது. ஊர் என்றால் ஆற்றங்கரை, குளத்தங்கரை என்றுதான் நமக்குப் பழக்கம். ஹைமா உருவானதோ எண்ணெய் தேட வந்தவர்கள் தோண்டிய கிணற்றடியில். 1950களின் கடைசியில், துளையிடும் வேலைக்குத் தண்ணீர் வேண்டும் என்று அங்கே ஒரு கிணறு வெட்டினார்கள். கடல் பக்கமாக அல் அஜாயிஸில் இன்னொன்று. அதற்கு முன் அந்தப் பீடபூமியில் குடிக்க நிலையான தண்ணீர் கிடையாது. ஒட்டகப் பாலும் ஆட்டுப் பாலும்தான் மனிதர்களுக்குத் தண்ணீர். அரபிக் கடலிலிருந்து இரவில் வரும் மூடுபனி செடிகளில் படியும். அதை மேய்ந்துதான் கால்நடைகள் பிழைத்தன. எண்ணெய்க்காரர்கள் தங்கள் வேலைக்காக வெட்டிய இரண்டு கிணறுகள், அந்த மக்கள் எந்தத் திசையில் போய்த் தங்குவார்கள் என்பதையே மாற்றிவிட்டன. இன்று ஹைமா, அல் உஸ்தா மாகாணத்தின் தலைநகரம்.

எங்கள் கேட்டில் காவல் வேலை பார்த்த ஹராசீஸ் பெரியவர் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை என்னைத் தன் கூடாரத்துக்கு அழைத்துப் போனார். வாசலில் பிக்கப், அதன் பின்புறத்தில் தண்ணீர்த் தொட்டி. சம்பளத்தில் பாதிக்கு மேல் பிக்கப்புக்கும் ஒட்டகத் தீவனத்துக்கும் போகிறது என்று கணக்குச் சொன்னார். அப்படியானால் ஒட்டகங்களை விற்றுவிடலாமே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கம்பெனி வேறு இடத்தில் துளை போடப் போனால் இந்த கேட் வேலையும் போய்விடும், ஒட்டகம் இங்கேதான் இருக்கும் என்றார். எண்ணெய் வருமானம் ஒரு குடும்பத்தைத் தூக்கிவிட்டதையும், அதை முழுக்க நம்பிவிடாமல் அந்தக் குடும்பம் எச்சரிக்கையாக இருப்பதையும் ஒரே இடத்தில் பார்த்தேன்.

உங்கள் பக்கம் எப்படி? தண்ணீரில் தொடங்கி எழுதுங்களேன்.


தண்ணீர் டேங்கர் ஓட்டுநர், ஆதம் – ஹைமா சாலை

அண்ணே, தண்ணீர் என்று ஆரம்பித்துவிட்டீர்கள், நான் எழுதாமல் இருக்க முடியுமா? மஸ்கட்டிலிருந்து ஸலாலா போகும் ஆயிரம் கிலோமீட்டர் சாலையில், ஆதம் தாண்டினால் ஒருபக்கமும் மறுபக்கமும் ஒன்றுமே இருக்காது. தூக்கம்தான் அங்கே எதிரி. ஸலாலாவில் சாரல் பருவம் தொடங்கினால் குடும்பம் குடும்பமாகக் கார்கள் அந்த வழியில் இறங்கும், ஓட்டுவதற்கே பயமாக இருக்கும்.

என் வேலை, உப்பு நீக்கிய தண்ணீரைக் கேம்ப்களுக்குக் கொண்டுபோய் ஊற்றுவது. எண்ணெய்க் கம்பெனியின் பெரிய கேம்பில் நீச்சல் குளம், புல்தரை, ஏசி போட்ட மெஸ் எல்லாம் உண்டு. புல்லுக்குக் கழிவுநீரைச் சுத்தம் செய்துதான் விடுவார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரம் மண் பாதையில் போனால் துணை ஒப்பந்தக்காரர்களின் கேம்ப் வரும். வரிசையாகப் போர்ட்டா கேபின்கள், வெளியே பிளாஸ்டிக் தொட்டி. நம் ஊர்ப் பையன்கள், பீகார், வங்கதேசம், பாகிஸ்தான் எல்லோரும் இருப்பார்கள். ஒரே குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறவர்கள்தான். ஆனால் இங்கே என் வண்டி வந்தால்தான் குளியல்.

2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே இறங்கியது ஞாபகம் இருக்கிறதா? செய்தியில் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, ட்ரிப் குறைந்ததால். அப்படி ஒரு துணை ஒப்பந்தக் கம்பெனி (பெயர் வேண்டாம்) தண்ணீருக்குப் பணம் கட்டவில்லை என்று என் முதலாளி வண்டியை நிறுத்தச் சொன்னார். ஆட்களுக்குச் சம்பளமும் நின்றிருந்தது. பக்கத்துக் கேம்புக்கு ஊற்றிவிட்டு மிச்சம் இருந்ததை அவர்கள் தொட்டியில் விட்டுவிட்டு வந்தேன். முதலாளி கேட்டிருந்தால் கொடுத்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் மனிதனுக்குத் தண்ணீரை நிறுத்துவது எந்தக் கணக்கிலும் சேராது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வெட்டவெளி வேலை கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். நிழலும் தண்ணீரும் இருக்கிற இடத்தில்தான் அந்த மூன்று மணி நேரமும் ஓய்வாக இருக்கும்.


செவிலியர், அல் உஸ்தாவில் அரசு மருத்துவமனை ஒன்றில் இருந்தவர்

தம்பி எழுதியதைப் படித்ததும் சாலை விபத்து வார்டு கண் முன்னால் வந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

பாலைவனத்தின் நடுவே, ஜெனரேட்டர் சத்தத்தோடு ஒரு முழு ஆஸ்பத்திரி. ஓமானி மக்களுக்குச் சிகிச்சைக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரிலிருந்து பிக்கப்பில் கர்ப்பிணிகளைக் கொண்டுவருவார்கள். ஒரு பாட்டி, மகள் பிரசவத்துக்கு வந்தவர், தான் எட்டுப் பிள்ளைகளையும் மர நிழலில் பெற்றதாகவும் மூன்றைப் புதைத்ததாகவும் சொன்னார். பேத்தியைக் கையில் வாங்கியபோது அறை ஏசியைக் குறைக்கச் சொன்னார், குளிர்கிறதாம். எண்ணெய்ப் பணத்தை யாராவது வெறும் ஆடம்பரம் என்று திட்டினால் எனக்கு அந்தப் பாட்டிதான் நினைவுக்கு வருவார். அந்த மூன்று பிள்ளைகளும் இப்போது பிறந்திருந்தால் பிழைத்திருக்கும்.

பிறகு உள்ளூர்ப் பெண்கள் நர்சிங் படித்து வேலைக்கு வர ஆரம்பித்தார்கள். என் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு நான்தான் வேலை பழக்கினேன். ஓமானிகளுக்கு முதலிடம் என்ற கொள்கையால் வேலை போய்விட்டது என்று நம்மவர்கள் வருத்தப்படுவது புரிகிறது. வீட்டுக் கடன் பாதியில் நின்ற எனக்கும் கவலை இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் நோயாளிகளோடு அவர்கள் மொழியிலேயே பேசியதைக் கேட்டபோது, இந்த வேலை சேர வேண்டிய இடத்துக்குத்தான் சேர்கிறது என்று தோன்றியது. ஹராசீஸ் மக்கள் வீட்டில் பேசுவது ஹர்சூசி, எழுத்தில்லாத மொழி. அரபிகூட அவர்களுக்கு வெளிமொழிதான். நான் பேசிய அரை அரபி எந்தப் பாட்டியின் வலியையும் முழுதாகக் கேட்டிருக்காது.


ஆய்வகத் தொழில்நுட்பர், நிம்ர்

எண்ணெய்க் கிணற்றிலிருந்து வருவதில் எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம் என்பதைப் பலர் நம்புவதில்லை. நிம்ர் எண்ணெய் வயலில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் பத்து பீப்பாய் தண்ணீர். உப்புக் கரிக்கும், எண்ணெய்ப் படலம் மிதக்கும். முன்பெல்லாம் அதை பம்ப் வைத்து ஆழத்தில், நிலத்தடிப் பாறைக்குள் அழுத்தினார்கள். அதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும்.

2010க்குப் பிறகு நாணல் வளர்த்தார்கள். ஆமாம், நம் ஆற்றங்கரை நாணல்தான். பிரிப்பான்கள் மேலாக இருக்கும் எண்ணெயை எடுத்துவிடும். மிச்சத் தண்ணீர் சரிவில் தானாக இறங்கி, நூற்றுக்கணக்கான ஹெக்டேர் நாணல் படுகைகளில் மெதுவாகப் பரவும். வேரடியில் வாழும் நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்றுவிடும். கடைசியில் குளங்களில் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சும். படுகைக்குள் இறங்கினால் அவ்வளவு ஈரம். வலசை போகும் பறவைகள் நூற்றுக்கும் மேற்பட்ட வகை வந்து இறங்குகின்றன. அதிகாலையில் மாதிரி எடுக்கப் போவதற்காகவே ஷிஃப்ட் மாற்றிக்கொள்வேன்.

எனக்கு அந்த இடம் உயிர். ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அந்தப் பசுமை எண்ணெய் வருகிற வரைதான். கிணறுகளை மூடினால் தண்ணீரும் நிற்கும், நாணலும் காயும், பறவைகள் வேறு வழி பார்க்க வேண்டும். அதற்கு இப்போதே திட்டம் வேண்டும் என்று நான் பேசாத கூட்டம் இல்லை.


முதலில் எழுதியவர்

நிம்ர் தம்பி பறவையைச் சொன்னதால் ஹராசீஸ் நிலத்தின் ஓரிக்ஸையும் சொல்லியாக வேண்டும். வெள்ளை உடம்பு, நீண்ட நேர்க்கொம்பு, மூடுபனியில் நனைந்த இலையைத் தின்றே தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும் விலங்கு. வாகனங்களில் வந்த வேட்டைக்காரர்கள் 1972இல் கடைசிக் காட்டு ஓரிக்ஸையும் அங்கேதான் முடித்தார்கள். சாலையும் ஜீப்பும் வந்த அதே காலம் என்பதை மறக்க முடியவில்லை. வெளிநாட்டு விலங்குக் காட்சிசாலைகளில் பெருக்கிய கூட்டத்திலிருந்து சிலவற்றை 1982இல் அதே சமவெளியின் யலூனியில் திரும்ப விட்டார்கள். ஹராசீஸ் ஆண்களே காவலர்கள். கூட்டம் நானூறைத் தொட்டது. யுனெஸ்கோ 1994இல் அந்த ஓரிக்ஸ் சரணாலயத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பிறகு கள்ள வேட்டை. 2007இல் எஞ்சியது 65. அந்த நேரத்தில்தான் எண்ணெய் தேடுவதற்காகச் சரணாலயப் பரப்பை 90 சதவீதம் குறைத்தது அரசு. யுனெஸ்கோ பெயரை நீக்கியது. அந்தப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட உலகின் முதல் இடம் அதுதான். இப்போதும் வேலிக்குள் நன்றாகப் பெருகியிருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். ஆனால் வேலி தாண்டிய அந்த நிலத்தை இழந்தது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். அக்கா சொன்ன ஆஸ்பத்திரி எண்ணெய்ப் பணத்தில்தான் நடக்கிறது என்று தெரிந்தும் சொல்கிறேன். இரண்டும் அதே நிலத்தில் இருந்திருக்க இடம் இருந்தது.

பணத்தின் நிலையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2016இல் பெட்ரோல் மானியம் போனது, 2021இல் 5 சதவீத வாட் வந்தது. 2028 ஜனவரி முதல் ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு வருமான வரி. வளைகுடாவில் இதுவே முதல். எண்ணெய் வயல்களில் உள்ளூர் மக்களே பங்குதாரர்களாக உள்ள ஒப்பந்தக் கம்பெனிகளும் வந்துவிட்டன. கேட் காவலரின் மகன் அப்படி ஒன்றில் பங்கு வைத்திருக்கிறான், லாரி எடுத்து ஓட்டுகிறான்.

அமல் எண்ணெய் வயலில் கண்ணாடிக் கூடங்களுக்குள் சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கி, கெட்டி எண்ணெயை இளக்கி எடுக்கிறார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் அடுத்து எழுதுங்கள். கண்ணாடியில் படியும் புழுதியை எப்படிக் கழுவுகிறீர்கள், அதற்குத் தண்ணீர் எவ்வளவு ஆகிறது என்பதையும் சேர்த்து.