தாயில்லாத யானைக்குட்டி: வேறு கூட்டத்தோடு விடுவதா, முகாமில் வளர்ப்பதா?

தடாகம் ரோடு:
காலையிலிருந்து குடும்ப வாட்ஸப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. தாயைப் பறிகொடுத்த குட்டியை ஒரு யானைக் கூட்டத்துக்குப் பக்கமாகக் கொண்டுபோய் விடுகிறார்கள். நாலைந்து யானைகள் சூழ்ந்து நின்று தும்பிக்கையால் அதன் வாயையும் முதுகையும் தடவுகின்றன. பிறகு எல்லாமாகச் சேர்ந்து காட்டுக்குள் போய்விடுகின்றன. இதைப் பார்த்த பிறகும் "குட்டிக்கு வனத்துறை முகாம்தான் நல்லது" என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல? சங்கிலி இல்லாமல் வளரட்டுமே. யார் பெற்ற பிள்ளை என்று கேட்காமல் சேர்த்துக்கொள்கிற மனசு நமக்குத்தான் இல்லை.

அரைக்கொம்பன்:
அண்ணே, வீடியோ ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு யார் பார்த்தா? வாயில தும்பிக்கை வைக்கிறது யானையோட விசாரிப்பு. அன்பு இல்லைன்னு சொல்லல, பால் இருக்கான்னுதான் கேக்கறேன். யானை சினையா இருக்கறதே 18 முதல் 22 மாசம். ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் நாலஞ்சு வருஷம் ஆகும். ஆறேழு யானை இருக்கற கூட்டத்தில பால் சுரக்கறது ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், அதுக்கும் சொந்தக் குட்டி இருக்கும். எத்தனை பெரியம்மா தடவிக்கொடுத்தாலும் மூணு மாசக் குட்டிக்குப் பசி அடங்குமா?

பச்சைத்தேயிலை:
கணக்கு சரி. ஆனால் எங்கள் வால்பாறைப் பக்கம் ஓடையைக் கூட்டம் கடக்கும்போது வந்து பாருங்கள். குட்டி வழுக்கினால் பல நேரம் முதலில் ஓடி வருவது தாய் இல்லை, இன்னும் ஈனாத இளம்பெட்டைதான். பின்புறம் முட்டுக்கொடுத்துக் கரையேற்றிவிட்டுத்தான் நகரும். கென்யாவில் அம்போசெலி யானைகளை 1972 முதல் சிந்தியா மாஸ் குழு கவனித்து வருகிறது. இப்படிப்பட்ட இளம்பெட்டைகள் அதிகமுள்ள குடும்பங்களில் குட்டிகள் அதிகம் பிழைப்பதாக அங்கே கண்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் எங்கள் பன்னிமேட்டுக் குட்டியைக் கூட்டத்தோடு சேர்த்தது மறந்துபோச்சா?

அரைக்கொம்பன்:
பன்னிமேட்டில சேர்ந்தது சொந்தத் தாயோட. அதையும் இதையும் ஒரே தட்டில வைக்காதீங்க. பெத்த தாயோடயே சேர்க்க முடியாமப் போனதும் உண்டு. 2024ல மருதமலை அடிவாரத்தில நோவுல படுத்த பெண் யானைக்கு வைத்தியம் பார்த்துக் காட்டுக்கு அனுப்பினாங்க. குட்டியைத் திரும்பச் சேர்க்க எவ்வளவோ பாடுபட்டும் முடியல. கடைசியில முதுமலை தெப்பக்காடு யானை முகாம்தான்.

தடாகம் ரோடு:
அதே தெப்பக்காட்டைப் பற்றி நானும் சொல்கிறேன். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்ட குட்டி அங்கேதான் போனது. அந்த மாதக் கடைசியிலேயே வயிற்றுக் கோளாறில் இறந்துபோனது. புட்டிப்பால் கொடுத்தால் பிழைத்துவிடும் என்பதும் ஒரு நம்பிக்கைதானே?

அரைக்கொம்பன்:
அதே முகாமுக்கு 2017ல வந்த குட்டி ரகுவும் 2019ல வந்த குட்டி பொம்மியும் அதே புட்டிப்பாலில்தான் வளர்ந்தாங்க.

கபினிக்கரை:
நீங்கள் இரண்டு பேருமே கூட்டம் என்றால் எப்போதும் ஒன்றாகவே திரிவது என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நம் ஆசிய யானைகள் அம்போசெலி யானைகள் மாதிரி இல்லை. இலங்கை உடவளவையில் ஷெர்மின் டி சில்வா ஆய்ந்ததும், கர்நாடகக் கபினியில் டி.என்.சி. வித்யா குழு பார்த்ததும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு பெரிய கிளை, அதாவது சொந்தபந்தக் கூட்டம், சின்னச் சின்னக் குழுவாகப் பிரியும், மறுபடி கூடும், நாளுக்கு நாள் ஆள் மாறும். கோடையில் அணைப் பின்நீர்ப் புல்லுக்காக ஒரு கிளைக்காரர்கள் இன்னொரு கிளையை விரட்டுவதும் உண்டு. எந்தக் கிளைக் குட்டி என்று தெரியாமல் கண்ணில் பட்ட கூட்டத்தோடு விடுவது சூதாட்டம். அந்த வனச்சரகத்தில் பல வருஷம் நடந்த வனக் காவலருக்கு முகம் பார்த்தாலே கிளை தெரியும். அவரைக் கேட்டுவிட்டுச் சேர்க்கட்டும்.

மட்டக்களப்பான்:
ரெண்டு வழிதான் இருக்கெண்டு கதைக்கிறியள், மூண்டாவதும் இருக்கு. எங்கட உடவளவையில 1995ல இருந்து தாயில்லாக் குட்டியளுக்கெண்டே ஒரு இடம் நடக்குது. மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பால். பார்க்கப் போற சனம் தூர நிண்டுதான் பார்க்கலாம், தொட விடமாட்டினம். அஞ்சு வயசளவில கொஞ்சப் பேரைச் சேர்த்து ஒரு குழுவாக் காட்டுக்குள்ள விடுவினம். இதுவரை நூறுக்கு மேல விட்டாச்சு. அதுகளில சிலது காட்டிலேயே குட்டியும் போட்டிட்டுது. கூட வளர்ந்ததுகள்தான் அதுகளுக்குச் சொந்தம், பெரிய கூட்டம் சேர்க்குமோ எண்டு காத்திருக்கத் தேவையில்லை.

பச்சைத்தேயிலை:
மட்டக்களப்பு நண்பரே, அங்கே சரிவரலாம். மனுஷனைக் கண்டு பயம் போன யானை இங்கே காட்டில் தங்காது. ரேஷன் அரிசி வாசம் பிடித்து எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டுச் சுவரைத்தான் இடிக்கும். புட்டிப்பாலில் வளர்ந்ததைக் காட்டில் விட்டுவிட்டுப் பின்னாலேயே பட்டாசு கொளுத்தி விரட்டப் போகிறோமா?

மட்டக்களப்பான்:
அந்தப் பயம் நியாயம்தான். உடவளவை வேலியோரம் வாழைப்பழத்துக்கு வந்து நிக்கிற ஆனையளும் இருக்கு. ஆனா அதுகளைப் பழக்கினது றோட்டால போற சனம், பால் குடுத்த ஆக்கள் இல்லை.

நாமக்கல் கால்நடை:
வயசைச் சொல்லாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். முதல் ஆறு மாதம் குட்டிக்குப் பால்தான் எல்லாம். பிறகு மெல்லப் புல் கடிக்கும். பெரிய யானைகளின் சாணத்தையும் தின்னும், செரிமானத்துக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அதிலிருந்துதான் குடலுக்குப் போகின்றன. கூட்டத்தோடு இருப்பதில் இது ஒரு பெரிய லாபம். முகாமில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பசும்பால் ஒத்துக்கொள்ளாது. கென்யாவில் தாயில்லாக் குட்டிகளை வளர்த்த டாப்னி ஷெல்ட்ரிக் பல குட்டிகளை இழந்த பிறகுதான் தேங்காயெண்ணெய் சேர்த்த கலவையைக் கண்டுபிடித்தார்.

சேர்த்து விட்டால் அத்தோடு வேலை முடியாது, ஒரு வாரம் பின்தொடர வேண்டும். யானைக்குக் காம்பு முன்னங்கால்களுக்கு நடுவே. குட்டி தும்பிக்கையை மேலே மடக்கி வாயால் உறிஞ்சும். ஒவ்வொரு யானையிடமும் முட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தால் யாரும் கொடுக்கவில்லை என்று பொருள். அப்போதே தூக்கிவர வேண்டும். மெலிந்து கிடந்த பிறகு கொண்டுவந்தால் எந்தப் பாலும் உதவாது.

தடாகம் ரோடு:
சரி டாக்டர், காட்டில் நிற்கிற குட்டிக்கு வயசை எப்படிச் சொல்வது? பிறந்த தேதி எழுதி ஒட்டியிருக்குமா?

நாமக்கல் கால்நடை:
பெரிய பெட்டையின் வயிற்றுக்கு அடியில் முதுகு இடிக்காமல் புகுந்து போனால் ஒரு வயசுக்குள். அப்படிப்பட்ட குட்டியை, பால் தருகிற யானை இருப்பது உறுதியாகத் தெரியாத கூட்டத்தில் நான் விட மாட்டேன். அதைத் தாண்டிய குட்டி என்றால் காட்டில்தான் முதலில் முயற்சி செய்வேன்.

அரைக்கொம்பன்:
ஒரு வயசுக்கு நான் ஒத்துக்க மாட்டேன் டாக்டர். ரெண்டு.

தடாகம் ரோடு:
ரெண்டு வயசு வரைக்கும் முகாமில் வைத்திருந்தால், அப்புறம் எந்தக் கூட்டம் அதைக் கிட்டே விடும் தம்பி?