வார்ம் அப்: வெதுப்பா, பதமா, வணக்கா?

கோபிசெட்டிபாளையம் (கோபி), உடற்கல்வி ஆசிரியர்:
குறுவட்டப் போட்டிக்கு வரும் பிள்ளைகளுக்காக ஒரு சுவரொட்டி. ஆட்டத்துக்கு முன் உடம்பைத் தயார் செய்யும் வார்ம் அப்புக்கு நாளைக் காலைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேணுமுங்க. 'சூடேற்றல்' சரிப்படாது. நம்ம பக்கம் உடம்புச்சூடு என்றாலே இளநீர், எண்ணெய்க் குளியல் என்று தணிக்கப் பார்ப்பார்கள்.

திருப்பூர், தமிழாசிரியர் (ஓய்வு):
'வெதுப்பு' என்று வையுங்கள். வெதும்பு, வெயில், வெம்மை எல்லாம் ஒரே வேர். உரியியலில் தொல்காப்பியர் 'வெம்மை வேண்டல்' என்கிறார். வெம்மைக்கு விருப்பம் என்றும் பொருள். ஆடப்போகும் பிள்ளைக்கு உடலில் சூடும் மனத்தில் வேட்கையும் சேர்ந்தே வேண்டும். வேட்கை, வேனில், வேள்வி ஆகியவற்றின் உறவைத் தனி மடலில் விரிக்கிறேன்.

கோவையில் வாழும் ஈழத்தவர்:
ஐயா, எங்கட ஊரில் வெதுப்பகம் என்றால் பேக்கரி. பாண், அதாவது ரொட்டி நினைவுதான் வரும்.

கோவை, இயன்முறை மருத்துவர்:
வெப்பம் பாதிதான். தசை சூடானால் சுருங்குவதும் தளர்வதும் விரைவாகும், ரத்தம் ஆக்ஸிஜனை எளிதில் விடும், நரம்புச் செய்தி வேகமாகப் பாயும், உண்மைதான். ஆனால் வெயிலில் நின்றாலும் சூடு ஏறுமே! மெல்லோட்டம், பிறகு கைகால் வீசும் அசைவுகள், கடைசியில் வேகம் கூட்டிச் சில குறு ஓட்டங்கள் என்று படிப்படியாகப் போக வேண்டும். கால்பந்துக்கான ஃபிஃபா 11+ பயிற்சியில் ஓட்டத்தோடு வலு, சமநிலை, தாவல் எல்லாம் உண்டு. ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும். நம் பிள்ளைகளோ மைதானத்துக்கு வந்ததும் அசையாமல் காலை இழுத்துப் பிடிக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படிப் பிடித்துவிட்டு உடனே ஓடினால் தசையின் விசை குறையும். சூட்டை மட்டும் சொல்லும் பெயர் இதையெல்லாம் மறைத்துவிடும். 'பதப்பயிற்சி' என்பது என் கருத்து.

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்:
எங்கள் ஊரில் பதனிடுவது தோலைத்தான். போதாததற்குப் பதம் வடசொல் என்று ஒரு சாரார் கிளம்புவார்கள். மூங்கிலைத் தீயில் வாட்டி வளைப்பதை வணக்குவது என்கிறோம். சோம்பினால் 'உடம்பு வணங்கல' என்கிறோம். சூடு, நெகிழ்வு, வேலைக்கான ஆயத்தம் மூன்றும் அந்த ஒரு வினையில் இருக்கின்றன. 'உடல்வணக்கு' என்று வையுங்கள்.

கோபி:
சூரிய வணக்கம் என்று கும்பிட்டு நின்றுவிடுவார்களுங்க.

திருப்பூர்:
பக்குவத்தைக் குறிக்கும் பதம் தமிழே; சொல்லைக் குறிக்கும் பதம் வேறு. ஆனாலும் வெதுப்புக்கு இணையாக, ஆட்டம் முடிந்தபின் செய்வதற்கு 'ஆற்று' கிடைக்கிறது. பதத்துக்கு என்ன இணை?

இயன்முறை மருத்துவர்:
ஆற்றுப்படுத்தல் என்று ஏற்கெனவே மனநல ஆலோசனையைச் சொல்கிறார்கள் ஐயா. அதற்குத் 'தணிப்பயிற்சி' போதும்.

கோபி:
அச்சகத்தில் இருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பதப்பயிற்சிக்கு மூன்று பேர் சம்மதம். அதையே பெரிதாகப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் வார்ம் அப் என்றும் சேர்த்துவிட்டேனுங்க. முதல் வரி: 'மெல்ல ஓடு; நின்று இழுக்காதே.'

ஈரோடு:
நான் உடன்படவில்லை. வணக்கு என்ற வினைக்கு அந்தியூர், பவானிப் பக்கத்து வழக்குகளைத் திரட்டி வருகிறேன். அடுத்த பதிப்புக்கு முன் அனுப்புவேன்.