முத்திரை இல்லாத செஞ்சிலுவைக் கைப்பட்டை: தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, பழைய பெட்டி ஒன்றில் மூன்று இராணுவ மருத்துவச் சின்னங்கள் கிடைத்தன. முதலாவதில் சிக்கல் இல்லை: ஓக் இலை வளையம், தூக்குப்படுக்கை, இரட்டைப் பாம்புக் கோல். அமெரிக்கத் தரைப்படை 1945இல் ஏற்படுத்திய போர்க்கள மருத்துவப் பணியாளர் சின்னம். (கிரேக்கப் புராணத்தில் மருத்துவக் கடவுளின் கோலில் ஒரே பாம்புதான், இரட்டைப் பாம்பு வணிகக் கடவுளுடையது. அது தனி வழக்கு!)

என்னைக் குழப்புவது செஞ்சிலுவைக் கைப்பட்டை. போரில் காயம்பட்டோரையும் மருத்துவப் பணியாளரையும் காக்கும் 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி, அப்பணியாளர் இடக்கையில் அணியும் பட்டையில் இராணுவ அதிகாரிகளின் முத்திரை இருக்க வேண்டும். இதில் இல்லை, ஓரத்தில் மட்டும் நீலக் கறை. முத்திரை துவைத்து அழிந்திருக்குமா, அல்லது யாரோ வீட்டில் தைத்ததா? புறஊதா விளக்கில் பார்த்தால் மை தெரியுமா?

மூன்றாவது, ஸ்டெதஸ்கோப் மாட்டிய மண்டையோடு, கையால் தைத்த துணி வில்லை. நிச்சயம் அதிகாரபூர்வமானது அல்ல. ஆனாலும் எனக்குப் பிடித்தது அதுதான். இப்படிப்பட்டவற்றின் காலத்தை நூலையும் தையலையும் வைத்துக் கணிக்க முடியுமா?