தேரூர் குளத்துப் பறவைகள், பள்ளி ஆண்டு விழா: ஃபோன் கேமராவா, எஸ்.எல்.ஆர். கேமராவா?

கேள்வி: பறக்கை டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகளைத் தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கும் மணக்குடிக் காயலுக்கும் பறவை பார்க்க அழைத்துச் செல்வதுண்டு. தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகு, அங்கே வந்துபோகும் பறவைகளைப் படத்துடன் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் விரும்புகிறார். என் ஃபோனில் எடுத்த படங்களில் நீலத் தாழைக்கோழி வெறும் நீலப் புள்ளியாகத்தான் விழுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் அலகு எது, தாமரை மொட்டு எது என்றே பிரித்தறிய முடிவதில்லை.

கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் உள்ள நல்ல ஃபோனாக வாங்கிவிடு என்கிறான் தம்பி. லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பழைய எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை வாங்கினால் காலத்துக்கும் உதவும் என்கிறார் மைத்துனர். பறவைகள் தவிர, மாலையில் அரங்கத்துக்குள் நடக்கும் பள்ளி ஆண்டு விழா, டிசம்பரில் கோட்டாறு சவேரியார் கோயில் தேர்ப்பவனி, வீட்டு விசேஷங்கள் ஆகியவற்றையும் எடுக்க வேண்டியிருக்கும். தொழிலாகச் செய்யும் எண்ணமில்லை. எது பொருத்தம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: காயல் கரையோன்

டீச்சர், இந்தக் கேள்விக்கு மெகாபிக்சலைப் பார்த்து விடை சொல்ல முடியாது. பறவைக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். தேரூர்க் கரையில் நின்றால் தாழைக்கோழி 50 மீட்டருக்குக் கிட்ட வருவது அபூர்வம். அதன் உயரத்தை அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஃபோனின் முதன்மை லென்ஸில் 12 மெகாபிக்சல் படம் எடுத்தால், 3,000 புள்ளி (பிக்சல்) உயரமுள்ள அந்தப் படத்தில் பறவைக்குக் கிடைப்பது சுமார் 32 புள்ளிகள். ஐந்து மடங்கு டெலிஃபோட்டோ இருந்தால் அது 150-க்கு உயரும். 24 மெகாபிக்சல் எஸ்.எல்.ஆர். ஒன்றில் 300 மி.மீ. லென்ஸைப் பொருத்தி அதே இடத்தில் நின்றால், அதே பறவை ஏறக்குறைய 770 புள்ளி உயரத்தில் விழும். கண்ணின் நிறமும் சிவந்த நெற்றியும் தெளிவாகத் தெரிய இது போதும்.

30 மடங்கு, 100 மடங்கு ஜூம் என்று விளம்பரங்களில் வருவது, லென்ஸ் கொண்டுவந்த சிறிய படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்குவதுதான். இல்லாத இறகு வரியைக்கூட அது தானாக ஊகித்து வரைந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் பகிர அது அழகாகவே இருக்கும். ஆனால் நீங்கள் கேட்பது பதிவு. உள்ளான் வகைகளில் கால் நிறத்தையும் அலகின் நீளத்தையும் வைத்துத்தான் ஒன்றையொன்று பிரிக்கிறோம் என்பதால், மென்பொருள் ஊகித்து வரைந்த படத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக்கொடுப்பது சரியாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

நிக்கான் பி900 போன்ற, லென்ஸைக் கழற்ற முடியாத நீள் ஜூம் கேமராக்களையும் சிலர் பரிந்துரைப்பார்கள். 2,000 மி.மீ.க்கு இணையான ஜூம் அதில் உண்டு; வெயிலில் அசையாமல் நிற்கும் கூழைக்கடாவுக்கு அது மிக நல்ல கருவி. ஆனால் ஒளியைப் படமாக மாற்றும் அதன் சென்சார் ஃபோனுடையதைப் போலச் சிறியது, பறக்கும் ஆலாவைத் தொடர்ந்து ஃபோகஸ் பிடிக்கும் வேகமும் அதற்குப் போதாது. ஆண்டு விழாவுக்கும் அது உதவாது.

பதில்: முட்டம் கடற்கரைவாசி

முந்தைய பதிலில் உள்ள கணக்கு சரிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் டீச்சர் மாதம் முழுவதும் பறவை பார்க்கப் போவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வட்டக்கோட்டையில் சூரியனை எதிரே வைத்து ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள். ஃபோன் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கோத்து, வானமும் வெளுக்காமல் முகமும் கறுக்காமல் தந்துவிடும். எஸ்.எல்.ஆரில் இதே விளைவைப் பெற வேண்டுமென்றால், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, கணினியில் உட்கார்ந்து நிழலைத் தூக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள், எஸ்.எல்.ஆர். வாங்கியும் ஃபோனைவிட மங்கலான படம் வருகிறதே என்று குறைப்பட்டுக்கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

வீடியோவிலும் நடுத்தர விலை எஸ்.எல்.ஆர்.களைவிட இன்றைய ஃபோன்களே மேல். நடந்துகொண்டே எடுத்தாலும் ஆட்டம் தெரியாது. பிள்ளைகளின் நடனத்தைப் பெற்றோருக்கு அனுப்ப வேண்டுமென்றால் எஸ்.எல்.ஆரை நம்பாதீர்கள்.

இன்னொரு செய்தி: நிக்கானும் கேனனும் 2018-இல் இசட், ஆர் என்ற மிர்ரர்லெஸ் (எஸ்.எல்.ஆரில் உள்ள கண்ணாடி இல்லாத கேமரா) வரிசைகளைத் தொடங்கிய பிறகு, புதிய லென்ஸ்களை அநேகமாக அவற்றுக்காகவே வெளியிடுகின்றன. எஸ்.எல்.ஆர். வாங்குகிறவர் பழைய சரக்கைத்தான் வாங்குகிறார் என்பதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

பதில்: தக்கலை ஸ்டுடியோ

பழைய சரக்கு என்பதுதான் இங்கே ஆதாயம். கல்யாண வேலை செய்கிறவர்கள் மிர்ரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால், நன்றாகப் பராமரிக்கப்பட்ட எஸ்.எல்.ஆர்.கள் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. நாளை டீச்சரே மிர்ரர்லெஸ்ஸுக்குப் போனாலும் லென்ஸ் வீணாகாது, கேனனின் ஈ.எஃப். வகை லென்ஸ்கள் அடாப்டர் மூலம் புதிய கேமரா உடலில் முழுமையாக வேலை செய்யும்.

அரங்க வெளிச்சத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். எஸ்.எல்.ஆரின் ஏ.பி.எஸ்.-சி சென்சார் சுமார் 366 சதுர மி.மீ.; நடுத்தர விலை ஃபோனின் முதன்மை சென்சார் சுமார் 50 சதுர மி.மீ. ஏழு மடங்கு பெரியது என்பதால் இருட்டிலும் ஏழு மடங்கு மேலாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் ஃபோன் லென்ஸின் துளை எஃப்/1.8 (எண் சிறிதானால் துளை பெரிது), கேமராவுடன் வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் அது எஃப்/5.6-க்குச் சுருங்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், சென்சாரில் சேரும் மொத்த ஒளி கிட் லென்ஸில் ஃபோனைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். கூடவே ஃபோன் பல படங்களைக் கோத்து மணல்மணலாகத் தெரியும் இரைச்சலையும் துடைத்துவிடுகிறது. ஆகவே கிட் லென்ஸை மட்டும் நம்பி ஆண்டு விழாவுக்குப் போவதில் பயனில்லை. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைச் சேர்த்து வாங்கினால்தான் அந்த ஏழு மடங்கு உண்மையிலேயே கைக்கு வரும். அப்போது 1/250 நொடியில் எடுக்கலாம். ஆடும் பிள்ளையின் கை இழுபடாது.

சவேரியார் கோயில் தேருக்கும் இதே லென்ஸ் போதும். ஃபோனின் இரவு முறை, தேர் நிற்கும்போது அருமையாக எடுக்கும். நகரத் தொடங்கியதும் சுற்றி நிற்கும் முகங்கள் கலங்கிவிடும்.

எனவே என் கருத்து: புதிய ஃபோனுக்கு இந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். இருக்கும் ஃபோனே வீடியோவுக்கும் அன்றாடத்துக்கும் போதும். பயன்படுத்திய உடல் ஒன்று, டெலி லென்ஸ் ஒன்று, 50 மி.மீ. லென்ஸ் ஒன்று: தேடி வாங்கினால் 45,000-க்குள் முடியும்.

பறக்கை டீச்சர்

மூவருக்கும் மிக்க நன்றி. எஸ்.எல்.ஆர். பக்கமே மனம் சாய்கிறது. ஆனால் பயன்படுத்திய பொருளை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதில் தயக்கம் இருக்கிறது. நம் ஊர் ஈரத்துக்கும் உப்புக் காற்றுக்கும் அது தாங்குமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

தக்கலை ஸ்டுடியோ

முதலில் லென்ஸின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நிக்கானின் ஏ.எஃப்.-பி டி.எக்ஸ். 70-300 லென்ஸ் இரண்டு விதமாக வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வி.ஆர். என்ற எழுத்து உள்ளதில்தான் கை நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு உண்டு. மற்றதைக் கையில் பிடித்து 300 மி.மீ.யில் எடுப்பது சிரமம். கேனனில் 55-250 ஐ.எஸ். எஸ்.டி.எம். நல்லது; 75-300 விலை மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். நிக்கான் டி3500, டி5600 போன்ற உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால், 50 மி.மீ. வாங்கும்போது ஏ.எஃப்.-எஸ் (லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள வகை) என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, டார்ச்சை லென்ஸின் ஒரு முனையில் அடித்து மறுமுனை வழியாகச் சாய்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசிகளால் கெடுதல் இல்லை. சிலந்தி நூல்போலக் கிளைத்து ஓடும் வெள்ளை இழை தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் பூஞ்சைதான் லென்ஸுக்கு முதல் எதிரி. நிக்கானாக இருந்தால், அந்த இடத்திலேயே எடுத்த ஒரு படத்தின் தகவலிலிருந்து ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை அறியலாம். இந்த விலை உடல்களின் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்கு என்று கணிக்கப்பட்டது; அதில் பாதிக்குள் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

வாங்கிய பிறகு, தோல் பைக்குள் போட்டுப் பரணில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். நிறம் மாறியதும் அதைச் சூடாக்கி உலர்த்திவிட்டு மீண்டும் போடலாம். ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே வைத்து, 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டம் கடற்கரைவாசி

உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்கிறேன். கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாற்றவே கூடாது. வீட்டிலிருந்து புறப்படும்போதே டெலி லென்ஸைப் பொருத்திக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். முன்கண்ணாடியில் உப்புப் படலம் இருந்தால், அதை அப்படியே தேய்க்காமல், ஊதி, லென்ஸ் துடைக்கும் திரவம் இரண்டு துளியைத் துணியில் விட்டு மெல்ல எடுங்கள்.

காயல் கரையோன்

வாங்கியதும் முதல் வாரத்திலேயே புத்தளம் உப்பளத்துக்குப் போக வேண்டாம். அங்கே வெள்ளை வெயிலில் வெள்ளைப் பறவையைச் சரியாக எடுப்பது பழகியவர்களுக்கே கடினம். சுசீந்திரம் குளத்தில் காலை ஏழு மணிக்கு வெயில் முதுகுப் பக்கம் விழும்படி நின்று, நிற்கும் பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/1600 என்று வைத்துத் தொடங்குங்கள். பிள்ளைகளில் ஒருவர் தொலைநோக்கியோடு பக்கத்தில் நின்று பெயரையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதட்டும்.